மைக்ரோவேவ் வாங்குமுன் பாத்திர அலமாரியைத் திறந்து பாருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து வீடுகளுக்குள் மைக்ரோவேவ் பெரும்பாலும் இரண்டு வழியில் வந்து சேர்கிறது. புதுமனை புகுவிழாவுக்கு யாராவது கொடுத்த அன்பளிப்பாக வரும்; இல்லையென்றால் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளை லீவில் வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போனதாக இருக்கும். இரண்டிலும் அடுப்படியில் நிற்கிறவரைக் கேட்டு வாங்குவது அபூர்வம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் மேலே ஒரு பூத்துணி, உள்ளே பிஸ்கட் பாக்கெட். அடுப்புக்கு மாற்று என்று நினைத்து வாங்கினால் இப்படித்தான் ஆகும். சமைத்ததைத் திரும்பச் சூடாக்கும் சாமான் என்று நினைத்து வாங்கினால் சில வீடுகளுக்கு நிஜமாகவே உபயோகம். பல வீடுகளுக்குத் தேவையே இல்லை.

இங்கே முக்கியமாகப் பார்ப்பது 20 லிட்டர் 'சோலோ' வகை, அதாவது மைக்ரோவேவ் மட்டும் இருக்கும் மாடல். ஐ.எஃப்.பி., எல்ஜி, சாம்சங், பானசோனிக் என்று பல கம்பெனிகளும் விற்பது இது; விலை ஏறக்குறைய 5,500 முதல் 8,000 ரூபாய் வரை. அட்டைப்பெட்டியில் 700 அல்லது 800 வாட் என்று போட்டிருப்பது சாப்பாட்டுக்குள் போகிற சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது 1,100 முதல் 1,200 வாட். மீதி, மெஷினைச் சூடாக்கி ஃபேன் வழியே வெளியே போய்விடும். மேலிருந்து வாட்டும் கிரில், சூடான காற்றைச் சுற்றவிடும் கன்வெக்‌ஷன் எல்லாம் சேர்ந்த 28 லிட்டர் மாடல் 12,000 ரூபாய்க்கு மேல். அதைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கேக், பன் சுடுகிற பழக்கம் ஏற்கனவே இருக்கிற வீட்டுக்கு மட்டும். இனிமேல் பழகிக்கொள்ளலாம் என்று வாங்குகிறவர்கள் அந்தக் கம்பித்தட்டைப் பெட்டியிலிருந்து எடுப்பதுகூட இல்லை.

வேலை செய்கிற விதம் தெரிந்தால் எது வரும், எது வராது என்பது தானாகப் புரியும். உள்ளே இருக்கும் மேக்னட்ரான் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. அது சாப்பாட்டில் இருக்கும் நீரை நேரடியாக அசைத்துச் சூடாக்கும். மேலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரைதான் அது நன்றாகப் போகும். அதற்கு உள்ளே சூடு மெல்லப் பரவித்தான் சேர வேண்டும். பாத்திரத்தின் அடி காயாது. எண்ணெயில் நீர் இல்லாததால் அதுவும் சீக்கிரம் காயாது. ஆகவே தோசை வராது, கடுகு வெடிக்காது, வெங்காயம் சிவக்காது. தாளிக்காமல் நம் சமையலில் எத்தனை பதார்த்தம் இருக்கிறது? மைக்ரோவேவ் வந்தாலும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

சோறு வடிக்கலாமா என்றால், வடிக்கலாம். ஒரு ஆழாக்கு பொன்னி அரிசிக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். கஞ்சி பொங்கி வழிந்து கண்ணாடித் தட்டுக்கு அடியில் போய் ஒட்டும். குக்கர் அதைவிடச் சீக்கிரம் முடித்துவிடும். இட்லி ஸ்டாண்டு என்று பிளாஸ்டிக்கில் ஒன்று விற்கிறார்கள். நாலு இட்லி நாலு நிமிடத்தில் வெந்துவிடும் என்பது உண்மை. ஓரம் வறண்டு விறைப்பதும் உண்மை. ஒரு லிட்டர் பால் காய்ச்ச ஏழு எட்டு நிமிடம் பிடிக்கும், கண் அசந்தால் பொங்கும். இந்த மூன்றையும் அடுப்பிடமே விட்டுவிடுவது நல்லது.

இனி, அது நன்றாகச் செய்கிற வேலைகள். பிரிட்ஜில் இருந்த சோறு கல்லாட்டம் விறைத்திருக்கும். அதை அடுப்பில் சூடாக்கினால் அடி பிடிக்கும். மைக்ரோவேவில் ஒரு கிண்ணம், ஏறக்குறைய 200 கிராம் சோற்றை உதிர்த்துப் பரப்பி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டு ஒன்றரை நிமிடம் வைத்தால் போதும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காமல் ஒரு நிமிடம் விட வேண்டும். ஆவி உள்ளேயே நின்று எல்லாப் பருக்கைக்கும் போய்ச் சேரும் நேரம் அது. அந்த ஒரு நிமிடத்தைப் பொறுக்காதவர்கள்தான் 'மேலே கொதிக்குது, நடுவுல ஜில்லுன்னு இருக்கு' என்று குறை சொல்வார்கள். குவியலாகப் போடாமல் நடுவில் ஒரு பள்ளம் விட்டு வளையமாகப் பரப்பினால் இன்னும் சீராகச் சூடாகும்.

ஆறிய இட்லி இரண்டுக்கு ஈரத்துணி அல்லது ஒரு துண்டு வாழை இலை மூடி 30 முதல் 40 விநாடி. ஒரு நிமிடம் வைத்தால் நீர் வெளியேறி ரப்பர் மாதிரி ஆகிவிடும், அதற்குப்பிறகு என்ன செய்தாலும் திரும்பாது. வாழை இலை மைக்ரோவேவுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. ஹோட்டல் பார்சல் என்றால் மட்டும் கவனம்: இலைக்கு வெளியே இருக்கும் பிளாஸ்டிக் பூச்சுத் தாளையும், ஸ்டேப்ளர் பின்னையும், சில்வர் ஃபாயிலையும் எடுத்துவிட வேண்டும். அந்த ஸ்டேப்ளர் பின் பொறி பறக்க வைக்கும்.

குழம்பு வகைகளில் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ரசம், கீரை, நீர்க்கச் சாம்பார் எல்லாம் சாதாரணமாகச் சூடாகும். கும்பகோணம் கடப்பா, அரைத்துவிட்ட சாம்பார், பருப்பு உருண்டைக் குழம்பு போலக் கெட்டியாக இருப்பவற்றில் அடியில் ஆவி சேர்ந்து பட்டென்று வெடித்து உள்கூரை முழுக்கத் தெறிக்கும். அவற்றைப் பாதி பவரில் வைத்து, 40 விநாடிக்கு ஒரு தடவை கிளறிவிட வேண்டும். மோர்க்குழம்பு ஓரத்தில் ஒரு கொதி வந்தாலே திரிந்துவிடும். 30 விநாடி, கிளறல், மறுபடி 20 விநாடி, வெதுவெதுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீன் குழம்பில் மீன் துண்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் சூடாக்கி, பிறகு துண்டைச் சேர்த்து 20 விநாடி வைத்தால் மீன் உடையாது. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் தினமும் மீன் என்கிற வீடுகளில் வாடை உள்ளே தங்கிவிடும். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் 200 மில்லி தண்ணீர், அரை எலுமிச்சம்பழம் பிழிந்து தோலையும் போட்டு, நாலு நிமிடம் ஓடவிட்டு, ஐந்து நிமிடம் கதவைத் திறக்காமல் விட்டுத் துடைத்தால் வாடையும் போகும், ஒட்டியிருக்கும் மஞ்சள் கறையும் இளகும்.

வத்தக்குழம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்குச் சூடும் வேண்டாம், பிரிட்ஜும் அவசரமில்லை.

திருவையாற்று அசோகா அல்வா போன்ற நெய்யும் சர்க்கரையும் நிறைந்தவற்றுக்கு 100 கிராமுக்கு 20 விநாடி போதும். தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் தெரியும், உள்ளே நாக்கைப் பொத்துவிடும் சூடு இருக்கும். கிளறிவிட்டுத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும். குழந்தைப் பால் பாட்டிலை இதற்குள் வைக்கவே கூடாது. பாட்டில் வெளியே ஆறியிருக்க, பால் ஓரிடத்தில் மட்டும் கொதித்திருக்கும். வேக வைத்த முட்டையைத் தோலோடு வைத்தால் வெடிக்கும். உரித்ததுகூட, கத்தியால் கீறாமல் வைத்தால் கையில் எடுத்த பிறகு வெடிக்கலாம்.

காபி இந்த ஊரில் தனி வழக்கு. டிகாக்‌ஷனைத் திரும்பச் சூடாக்கினால் கசப்பு ஏறும். பாத்திரம் எதுவானாலும் இதுதான் கதி. ஆகவே பாலை மட்டும் சூடாக்கலாம். 150 மில்லி பாலை 300 மில்லி பிடிக்கும் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஒரு நிமிடம், ஒரு கிளறல், மறுபடி 15 விநாடி. டவரா செட்டோடு உள்ளே தள்ளிவிடக் கூடாது. இப்படிப் போட்ட காபி குடிக்கும்படி இருக்கும். டிகிரி காபி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்பளத்துக்கு ஒரு பத்தி கொடுக்கலாம். எண்ணெய் இல்லாமல் அப்பளம் பொரிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது: ஒரு உளுந்து அப்பளம், 40 முதல் 60 விநாடி, அவ்வளவுதான். அரிசி வடாமில் அங்கங்கே கடுக்கென்று பொரியாத இடம் நிற்கும். அதே அப்பளம் மெஷினைச் சோதிக்கவும் உதவும். சுழலும் கண்ணாடித் தட்டையும் வளையத்தையும் எடுத்துவிட்டு, மெஷினின் உள் அடித்தளத்தில் ஒரு சாதாரணப் பீங்கான் தட்டைக் கவிழ்த்து, மேலே அப்பளத்தை வைத்து 25 விநாடி ஓட்டிப் பாருங்கள். சில இடம் வெளுத்துப் பொரிந்திருக்கும், சில இடம் பச்சையாக இருக்கும். அலையின் நீளம் 12 சென்டிமீட்டர். உள்ளே அது முன்னும் பின்னும் மோதி நிற்கும்போது ஏறக்குறைய 6 சென்டிமீட்டருக்கு ஒரு சூடான புள்ளி விழுகிறது. தட்டு சுற்றுவது இதைச் சமன் செய்யத்தான். தட்டு சுற்றாமல் நின்றுவிட்ட மெஷினை 'இன்னும் சூடாகுதே' என்று ஓட்டிக்கொண்டிருந்தால் சாப்பாட்டின் ஒரு பகுதி சூடே ஆகாமல் வயிற்றுக்குள் போகும்.

அரை மூடித் தேங்காயை ஒரு நிமிடம் வைத்து எடுத்தால் ஓட்டை விட்டுச் சுலபமாகக் கழன்றுவரும். கறிவேப்பிலை ஒரு பிடியை ஈரமில்லாமல் துடைத்து, பருத்தித்துணி மேல் பரப்பி இரண்டு நிமிடம் வைத்தால் பச்சை மாறாமல் நொறுங்கக் காயும். 200 கிராம் வேர்க்கடலை நாலைந்து நிமிடம், நிமிடத்துக்கு ஒரு கிளறல். காய்ந்த மிளகாயை மட்டும் வேண்டாம். நெடி உள்ளே அடைந்து, கதவைத் திறந்ததும் வீடே இருமும்.

இத்தனையும் செய்ய எதில் வைப்பது? இங்கேதான் தலைப்பின் விஷயம். காவிரி டெல்டா வீட்டு அலமாரியில் இருப்பது எவர்சில்வர் அடுக்கு, பித்தளைச் சொம்பு, ஈயச் சொம்பு, அலுமினியக் குண்டான், மண்சட்டி. இதில் ஒன்றுகூட உள்ளே போகாது. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், விளிம்பில் பொறி பறக்கும். மண்சட்டி நீரை உறிஞ்சி வைத்திருப்பதால் சாப்பாட்டுக்கு முன்னால் தானே காய்ந்து விரிசல் விடலாம். மெலமின் தட்டும் அப்படியே சூடேறும், அது கூடாது. தங்கக் கோடு போட்ட பீங்கான் கப்பும் கூடாது. ஆகக் குறைந்தது மூடியோடு சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியில் மூன்று பாத்திரம் வேண்டும்: 500 மில்லி, ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர். மெஷின் விலையோடு ஒரு 1,000 முதல் 1,500 ரூபாய் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் மாடலில் சுழல்தட்டு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர்தான்; அதைவிட அகலமான பாத்திரம் சுவரில் இடித்து நின்றுவிடும்.

குழம்பு எவர்சில்வரில் பிரிட்ஜுக்குப் போய், கண்ணாடிக்கு மாறி, மைக்ரோவேவுக்குப் போய், மறுபடி பரிமாறும் கிண்ணத்துக்கு மாறினால் கழுவ மூன்று பாத்திரம். கேஸில் சூடாக்கினால் ஒன்று. மைக்ரோவேவ் பூத்துணிக்கு அடியில் போய்விடுவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, இந்தக் கணக்குதான். மிச்சத்தை முதலிலேயே கண்ணாடியில் எடுத்து வைக்கப் பழகுவோம் என்று வீட்டில் ஒப்புக்கொண்டால் மட்டும் மேலே யோசியுங்கள். ஹோட்டல் கறுப்பு டப்பாக்கள் சூடான சாம்பாரின் எண்ணெயில் இளகும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண்ணும், மைக்ரோவேவுக்கு ஆகும் என்ற குறியும் இல்லாதது எதுவும் வேண்டாம். இருந்தாலும் எண்ணெய்ப் பதார்த்தத்துக்கு வேண்டாம்.

கேஸ் மிச்சமாகுமா என்பது அடுத்த கேள்வி. 200 மில்லி பாலைச் சூடாக்க ஒன்றரை நிமிடம் என்றால் 0.03 யூனிட், யூனிட் 5 ரூபாய் என்று போட்டால் 15 பைசா. அடுப்பில் அதற்கு ஏறக்குறைய 2 கிராம் கேஸ் எரியும், 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் 13 பைசா. பெரிய வித்தியாசம் இல்லை. தினமும் கால் மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 17 யூனிட் கூடும். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட் எல்லைக்குள் இருக்கும் சின்னக் குடும்பத்துக்கு இது செலவே இல்லை. ஏசி ஓடும் வீட்டில் மேல்படி விலையில் விழும். அளவு கூடக்கூட மைக்ரோவேவுக்கு நேரமும் அதே விகிதத்தில் கூடும். ஒரு கிண்ணத்துக்கு ஒன்றரை நிமிடம் என்றால் நாலு கிண்ணத்துக்கு ஆறு. நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் கேஸ்தான் வேகம். ஆளுக்கு ஒரு நேரம் சாப்பிடும் வீட்டில் மைக்ரோவேவ் ஜெயிக்கும்.

அதனால் யாருக்குத் தேவை என்றால்: சமையலுக்கு வருகிற அம்மா காலையில் ஒரு தடவை சமைத்து வைத்துவிட்டுப் போக, மீதி நேரம் தனியாக இருக்கும் வயதானவர்கள். அடுப்பை அணைத்தோமா என்ற கவலை இல்லை; நேரம் முடிந்தால் தானே நின்றுவிடும். இரவு ஒன்பதரைக்குக் கடை அடைத்துவிட்டு வருகிறவர்கள் உள்ள வீடு. டியூஷன், ஷிப்ட் என்று நாலு நேரத்துக்கு நாலு பேர் வரும் வீடு. இரண்டு வேளையும் புதிதாகச் சமைத்து, இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் பழைய சோறாகச் சின்ன வெங்காயத்தோடு முடிக்கிற வீட்டுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

மிச்சச் சோறு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வடித்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்குத் தப்பி இருக்கும். சோறு நம் ஊர்ப் புழுக்கத்தில் மேடையிலேயே பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு திரும்பச் சூடாக்குவதால் அழியாது. காலைச் சோற்றைச் சாயங்காலம்வரை வெளியே வைத்துவிட்டு மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கிவிட்டோம் என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. சூடு அடங்கியதும் அகலமாகப் பரப்பி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஒரு தடவைக்கு மேல் திரும்பச் சூடாக்க வேண்டாம்.

கரண்டு விஷயத்துக்கு வருவோம். 1,200 வாட் என்பது 5 ஆம்பியரைத் தாண்டும். சின்ன 6 ஆம்பியர் பாயிண்டில், அதுவும் மிக்ஸியோடு சேர்ந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினால் பிளக் கருகும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனியாக ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். எர்த் கட்டாயம், பழைய ஓட்டு வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குப் பின்னால் கம்பி இருக்காது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் போட்டு நன்றாக எரிகிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாக எரிந்தால் எர்த் குழியைக் கவனிக்க வேண்டும்.

வோல்டேஜ் குறைந்தால் மைக்ரோவேவ் நின்றுவிடாது. ஓடும், விளக்கு எரியும், தட்டு சுற்றும், சூடு மட்டும் வெகுவாகக் குறையும். டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரத்தில், லைன் கடைசியில் இருக்கும் தெருக்களில் கோடை இரவில் 180 வோல்ட் வந்தால் ஒன்றரை நிமிட வேலை மூன்று நிமிடம் பிடிக்கும். அளந்து பார்க்க வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி வெப்பநிலையை அளந்து, முழுப் பவரில் சரியாக ஒரு நிமிடம் ஓட்டி, கலக்கி மறுபடி அளக்க வேண்டும். ஏறிய டிகிரியை 70ஆல் பெருக்கினால் வருவதுதான் உள்ளே போகும் வாட். 10 டிகிரி ஏறினால் 700 வாட். பகலில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை பார்த்தால் மெஷின் கோளாறா, லைன் கோளாறா என்று தெரிந்துவிடும். பிரிட்ஜுக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரில் இதைச் சொருகக் கூடாது, அது தாங்காது. சாதாரண வீட்டு இன்வெர்ட்டரும் தாங்காது. கரண்டு இல்லையென்றால் மைக்ரோவேவும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர், தஞ்சைக் கிராமங்களில் நாட்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தது. கேஸை விட்டு முழுக்க கரண்டுக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு அந்த நவம்பரை நினைவுபடுத்தினால் போதும்.

டயல் மாடலா, டச் மாடலா என்றால் பெரியவர்கள் கையாளுவதற்கு டயல். கரண்டு போய் வந்தாலும் டைம் செட் பண்ணச் சொல்லிக் கண் சிமிட்டாது. ஒரே குறை, ஒரு நிமிடத்துக்குக் கீழே துல்லியம் வராது. இரண்டு நிமிடத்தைத் தாண்டித் திருப்பிவிட்டு, வேண்டிய அளவுக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். பாதி பவர் என்பது சாதாரண மாடல்களில் உண்மையில் கொஞ்ச நேரம் முழுப் பவர், கொஞ்ச நேரம் சும்மா என்று மாறி மாறி ஓடுவதுதான். மோர்க்குழம்பு அப்போதும் திரிவதற்கு அதுதான் காரணம்.

வைக்கும் இடம்: மேலே ஒரு சாண், பின்னாலும் பக்கங்களிலும் நாலு விரல் காலி இருக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் தாளிப்புப் புகை காற்றோட்ட ஓட்டை வழியே உள்ளே போய்ப் படியும். அந்த ஓட்டைகள் வழியே கரப்பானும் பல்லிக்குட்டியும் புகுந்து போர்டைக் கெடுப்பது இங்கே சர்வசாதாரணம். வேதாரண்யம், நாகூர் போலக் கடலோர ஊர்களில் உள்பக்கப் பெயிண்ட் ஓர் இடத்தில் உரிந்தாலே துரு பிடித்து, அங்கிருந்து பொறி கிளம்பும். துடைத்தபின் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து காயவிடுவது ஐப்பசி, கார்த்திகையில் மிகவும் அவசியம்.

உள்சுவரில் வலது பக்கம் அட்டை மாதிரி ஒரு தகடு இருக்கும். மைக்கா ஷீட். அழுக்கு என்று நினைத்துப் பிடுங்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அலை வரும் வாசலை மூடியிருப்பது அதுதான். எண்ணெய் தெறித்துக் கருகினால் அந்த இடத்தில் பொறி வரும். அளவுக்கு வெட்டி மாட்டும் புது ஷீட் நூறு இருநூறு ரூபாய் வேலை. பொறி பறந்ததும் 'மேக்னட்ரான் போச்சு' என்று சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் இதை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கும் தட்டும் ஓடி, சூடு மட்டும் சுத்தமாக இல்லையென்றால் மேக்னட்ரான், டயோடு, கெபாசிட்டர், உள் ஃபியூஸ் இவற்றில் ஒன்று. அதை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டர் ஆளைக் கொல்லும் அளவுக்குச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். டிவி, மிக்ஸி ரிப்பேர் பார்க்கிற கடை எல்லாம் இதைப் பார்க்கும் என்று நினைக்க வேண்டாம்.

வாரண்டி பெரும்பாலும் முழு மெஷினுக்கு ஒரு வருஷம், மேக்னட்ரானுக்கு மட்டும் கூடுதல் வருஷங்கள். அந்தக் கூடுதல் வருஷத்தில் பார்ட் இலவசம், ஆள் வந்து போகிற கூலி உண்டா என்பதை பில் போடுமுன் கேளுங்கள். சர்வீஸ் ஆள் உங்கள் ஊரிலேயே இருக்கிறாரா, தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டுமா என்பதையும் கேளுங்கள். முத்துப்பேட்டைக்கும் சீர்காழிக்கும் ஒரு விசிட் என்றால் அதன் கூலியே புது மைக்கா ஷீட்டின் பல மடங்கு ஆகும். வாரண்டி முடிந்த 6,000 ரூபாய் மெஷினுக்கு மேக்னட்ரான் மாற்ற அதில் பாதிக்கு மேல் கேட்டால் மாற்ற வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுங்கள், கண்ணாடிப் பாத்திரங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு.